ஏழு பத்துக்கு மறைந்த சூரியன்

மொட்டைக் கடுதாசி எழுதியவர் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்மணி, விசாரிக்க வந்த துப்பறிவாளரைச் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். சமையற்கட்டுத் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்களாம்.

சுயம்புலிங்கம் கழுவினார். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பொய்யாக எரிந்த பஞ்சு கோடவுன்களையும் மெய்யாகச் செத்த எருமைகளையும் விசாரித்துவிட்டு, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பித்தளைப் பலகை மாட்டிக்கொண்டவர் அவர். பலகையில் 'புலனாய்வு நிபுணர்' என்று இருக்கும். அதற்கு நேர் கீழே ஜவுளிக்கடைக்காரர் 'பிளவுஸ் பிட் மாடியில் கிடையாது' என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருந்தார். இரண்டையும் படித்துவிட்டு மேலே ஏறி வருகிறவர்கள் உண்மையிலேயே துன்பத்தில் இருக்கிறவர்கள் என்பது சுயம்புலிங்கத்தின் கணக்கு.

"சாருக்குக் கால் இவ்ளோ வெள்ளைன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றார் இனாயத்.

இனாயத் உதவியாளர். வயது நாற்பது. ஐஸ் ஹவுஸ் பக்கம் வீடு. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, முதலாளியின் தலையில் கனம் ஏறினால் இறக்கி வைப்பது ஆகிய மூன்று வேலைகளுக்கும் சேர்த்து ஒரே சம்பளம். மூன்றாவது வேலையை அவர் சம்பளமில்லாமலும் செய்வார்.

அடையாறில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. அதன் வார்டன் தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நெற்றியில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை, குரலில் நயம் என்பது அறவே இல்லை. அவர் மேல் ஒரு பெரிய மனிதர் குற்றம் சாட்டியிருந்தார்.

பெரிய மனிதரின் பெயர் குருபிரசாத். தி.நகரில் அவருக்கு ஓர் ஆபீஸ் உண்டு. மேஜை மேல் மூன்று டெலிபோன்கள். சுயம்புலிங்கம் போன அன்று சிவப்பு டெலிபோனின் ஒயர் மேஜைக்குக் கீழே எதிலும் சேராமல் சுருண்டு கிடந்ததை இனாயத் குனிந்து பார்த்து உறுதி செய்தார். குருபிரசாத்தின் தாத்தா, காலஞ்சென்ற ராவ் பகதூர் சேஷாத்ரிநாதன், அந்தக் காலத்துத் தலைமை எஞ்சினியர். அவருடைய நூற்றாண்டு விழா நாளை, செப்டம்பர் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு சபாவில் நடக்கப்போகிறது. விழா மலரின் பெயர் 'நீர் காத்த நெடுந்தகை'. அவர் கட்டிய ஒரே அணை ஏழு வருஷம் நின்றது.

அதற்கு அவர் காரணமில்லை என்று மலரின் நாற்பதாம் பக்கம் விளக்கியது. 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கப்பலில் வந்து இறங்கப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். எதிரி வந்தால் எதுவும் அவன் கையில் சிக்கக் கூடாது என்பதற்காக, மலையடிவாரத்துக் குமிழியாறு அணையில் முன்கூட்டியே வெடி வைத்துத் தயாராக இருந்தார்கள். பட்டாள முகாமுக்கு வேண்டுமென்று அந்தக் கோடையில் தண்ணீரையும் திறக்காமல் தேக்கியிருந்தார்கள். ஏப்ரல் ஏழாம் தேதி சாயங்காலம் அணை வெடித்தது. கீழே இருந்த சின்ன ஊரில் நாற்பத்து மூன்று பேர் செத்தார்கள். ஜப்பான்காரன் வரவில்லை.

யார் வெடித்தது? மாசிலாமணி என்கிற லஸ்கர். மதகைத் திறந்து மூடி, தினமும் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைக்கிற கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். அடையாளம் தெரியாத நான்கு பேரை வெடி அறைக்குள் விட்டதாக அவரே ஒப்புக்கொண்ட வாக்குமூலத்தை, 'துரோகத்தால் தகர்ந்த கனவு' என்ற தலைப்பின் கீழ் மலரில் முழுப் பக்கப் படமாகப் போட்டிருந்தார்கள். சபா வாசலில் திறக்கப்போகிற சலவைக்கல்லிலும் மாசிலாமணியின் பெயரைத் துரோகி என்ற அடைமொழியோடு செதுக்கியாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் குருபிரசாத்துக்கு மூன்று மொட்டைக் கடுதாசிகள் வந்தன. மூன்றிலும், இடக்கையால் எழுதிய மாதிரி கோணல் எழுத்தில் ஒரே வாசகம்: 'அணையை உடைத்தது மாசிலாமணி அல்ல. உங்கள் தாத்தா. வாக்குமூலத்தை ஒரு தடவை ஒழுங்காகப் படியுங்கள்.' இதை மாசிலாமணியின் மகளைத் தவிர வேறு யார் எழுதியிருக்க முடியும் என்று கேட்டார் குருபிரசாத். எழுதியவளைப் பிடிக்கும் பொறுப்பை விழாக் குழுச் செயலாளரிடம் விட்டார்.

செயலாளர் ஸ்ரீரங்கன், எழுபத்திரண்டு வயது. இளமையில் ராவ் பகதூரிடம் வேலை பார்த்தவர். சுயம்புலிங்கத்தின் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்து, துப்பறியும் ஒப்பந்தத்தின் நான்கு பக்க நிபந்தனைகளையும் படித்து (உலகத்தில் யாரும் அதைச் செய்ததில்லை), இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, அதன் கீழே தேதியும் மணியும் குறித்துவிட்டுப் போனார். போகும்போது, "வாக்குமூலத்தோட ஜெராக்ஸும் வெச்சிருக்கேன். சாவகாசமாப் படிச்சுப் பாருங்கோ" என்றார். சுயம்புலிங்கம் சாவகாசமாகப் படிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அதைப் பிரிக்காமலே அடையாறுக்கு வந்துவிட்டார்.

"பேர் போடாம எழுத எனக்கு என்ன வந்துது?" என்றார் தங்கபுஷ்பம். போன மாதமே குருபிரசாத்தின் ஆபீஸுக்கு நேரில் போய், கல்லிலிருந்து அப்பா பெயரை எடுக்கச் சொன்னதாகவும், அவர் சிவப்பு டெலிபோனை எடுத்து யாருடனோ நீளமாகப் பேச ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார்.

இனாயத் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். சுயம்புலிங்கம் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

தங்கபுஷ்பம் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார். அதில் இரண்டே காகிதங்கள். ஒன்று சிறை அதிகாரி அனுப்பிய கார்டு: கைதி மாசிலாமணி 1942 ஜூலை 22 அன்று காய்ச்சலில் இறந்தார். இன்னொன்று மாசிலாமணியே சிறையிலிருந்து தன் தங்கைக்கு எழுதிய கடிதம். முத்து முத்தான கையெழுத்து. பிள்ளையை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வந்து காட்டு என்று கேட்டிருந்தார்.

"வெள்ளத்துல எங்கம்மா போயிட்டாங்க. கைக்குழந்தை, என் தம்பி, அவனும் போயிட்டான். நான் பள்ளிக்கூடத்துக்காக அத்தை வீட்டுல டவுன்ல இருந்தேன். எட்டு வயசு" என்றார். அத்தை கடிதத்தைப் படித்துவிட்டு, அப்பாவைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டாளாம். ஊரெல்லாம் சொன்னதை இவர் நம்பியிருந்தார். அம்மாவைக் கொன்ற ஆளைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கார்டு வந்தது.

"கல்லுல இருந்து பேரை எடுக்கறது அப்புறம். எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். எங்கம்மாவை அவர் கொன்னாரா இல்லையா? எட்டு வயசுல நான் சொன்னது சரியா தப்பா?"

சுயம்புலிங்கம் இதற்கு முன் எத்தனையோ பேரிடம் 'கவலைப்படாதீர்கள், உண்மையைக் கண்டுபிடித்துவிடுவேன்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதுண்டு. அன்று சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடினார். அந்த அம்மாள்தான் எழுதினாள் என்ற ரிப்போர்ட் அவருடைய சட்டைப்பையில் ஏற்கெனவே டைப் ஆகி இருந்தது. காலையிலேயே அடித்து வைத்துவிட்டார். நேரம் மிச்சமாகுமே என்று.

லஸ் முனையில் டீ சொல்லிவிட்டு, அந்த ரிப்போர்ட்டை நாலாகக் கிழித்தார். பிறகு முதன்முறையாக வாக்குமூலத்தின் ஜெராக்ஸை விரித்தார். டைப் அடித்த காகிதத்தில், மாசிலாமணிக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், வக்கீல் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒப்புக்கொண்டிருந்தார் மாசிலாமணி. தேதி ஏப்ரல் 9. அடியில் ஒரு பெருவிரல் ரேகை.

"இனாயத்து, இதைப் பாரும் வே. தினமும் ரிஜிஸ்டர் எழுதின மனுஷன். தங்கச்சிக்கு எழுதின கடுதாசி பார்த்தோமே, என்ன கையெழுத்து. அவர் எதுக்குக் கைநாட்டு வைக்கணும்?"

"டீ ஆறிப்பூடும் சார். மொதல்ல படி, இன்னா எழுதிக்கீதுன்னு."

சுயம்புலிங்கம் தமிழ்ப்படுத்தி உரக்கப் படித்தார். 'அன்று மாலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, சூரியன் அஸ்தமிக்கும் தருணத்தில், மேற்படி நான்கு நபர்களை உள்ளே அனுமதித்தேன்…'

"எத்தினி மணிக்கு?"

"ஏழு பத்து."

"எந்த ஊர்ல?"

இனாயத் தன் பர்ஸிலிருந்து பள்ளிவாசல் தொழுகை அட்டையை எடுத்தார். வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் சூரியன் எப்போது மறைகிறது, மறைந்ததும் தொழும் மஃரிப் எப்போது என்று நிமிஷக் கணக்கில் அச்சடித்திருந்தது. ஏப்ரல் ஏழாம் தேதியில் விரலை வைத்தார். ஆறு இருபது. விரலை அட்டை முழுக்க ஓட்டினார். எவ்வளவு தாமதமானாலும் ஜூலையில் ஆறு நாற்பது. அதற்கு மேல் இந்த ஊரில் சூரியன் நின்றதில்லை.

"நான் ஒரு வக்த் தொழுகையை வுட்டிருக்கலாம் சார், ஆனா நேரத்தை வுட்டதில்ல. ஏழு பத்துக்கு இந்த ஜில்லாவுல சூரியன் இருந்துச்சுன்னா அது ஓவர்டைம் பாத்துக்கினு இருந்திருக்கும்."

டைப் அடித்தவன் தவறாக அடித்திருப்பான் என்றார் சுயம்புலிங்கம். ஒரு கமா கூடத் தப்பாக அடிக்காதவன் சூரியனை மட்டும் ஏன் தப்பாக அடித்தான் என்று கேட்டார் இனாயத்.  மாட்டிக்கொண்டால் சுயம்புலிங்கம் மீசையைத் தடவுவார். அன்று நிறையத் தடவினார்.

கடிகாரத்தில் தப்பு என்றால் கடிகாரக்காரரிடம் போக வேண்டியதுதானே என்று இனாயத் ஸ்கூட்டரைத் தெற்கு மாட வீதிப் பக்கம் திருப்பினார். அங்கே, ஒரு பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருந்த இடுக்கை மெஹபூப் பாஷா கடை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயது. கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே ஆளைப் பார்ப்பார். பார்க்கப்படுகிறவர் தன்னைப் பல்சக்கரமாக உணர்வார்.

சூரியன் ஏழு பத்துக்கு மறையுமா என்று கேட்டதும் பாஷா சிரிக்கவில்லை. எந்த வருஷம் என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்றதும் லென்ஸைக் கழற்றினார்.

"மறைஞ்சுது. ஆனா ஏப்ரல்ல இல்ல" என்றார். "செப்டம்பர் ஒண்ணாம் தேதி. சண்டைக்காக சர்க்கார் ஆர்டர் போட்டான். எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைக்கணும். நான் அப்போ எங்க வாப்பாவோட கடையில. அன்னிக்கு மட்டும் எத்தினி சுவர்க் கடிகாரம் திருப்பினேன்னு கேளு. கட்டை விரல் வீங்கிப்போச்சு. சண்டை முடியற வரைக்கும் அதான் நேரம்."

இனாயத் மறுபடி அட்டையை எடுத்தார். செப்டம்பரில் விரலை ஓட்டினார், பன்னிரண்டாம் தேதியில் நின்றது: ஆறு பத்து. ஒரு மணி கூட்டினால் ஏழு பத்து.

சாதாரணமாக இந்த இடத்தில் சுயம்புலிங்கம் கண்ணை மூடி, இரண்டு விரலை உயர்த்தி, "புரிந்துவிட்டது" என்பார். இனாயத் அதற்காகக் காத்திருந்தார். ஆனால் அவர் பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்து, கடுதாசிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"ஏப்ரல்ல எழுதின வாக்குமூலம் இல்லை இது. செப்டம்பர் ரெண்டாவது வாரம் எழுதி, ஏப்ரல்னு தேதி போட்டிருக்கான்."

"மாசிலாமணி ஜூலையிலயே மௌத்து" என்றார் இனாயத். "அப்ப அந்தக் கட்ட விரலு யாருது?"

சுயம்புலிங்கம் மூன்று மொட்டைக் கடுதாசிகளையும் மடியில் வரிசையாக வைத்தார். ஒன்றிலும் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் வலது மேல் மூலையிலும் பொடியாக ஒன்று எழுதியிருந்தது. மாலை 6.40. மாலை 6.35. மாலை 6.45. இத்தனை நாளும் அதை அவர் பார்த்திருந்தார். படிக்கவில்லை.

ஸ்கூட்டரில் அடையாறுக்குப் போய் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு அபிராமபுரம் வந்துவிடும்படி இனாயத்திடம் சொன்னார். தான் ஆட்டோவில் போவதாகச் சொன்னார். துப்பறியும் நிறுவனத்தின் சரித்திரத்தில் முதலாளி கைக்காசில் ஆட்டோ ஏறியது அதுதான் முதல் தடவை. இனாயத் அதைக் கிண்டல் செய்யவில்லை. விஷயம் பெரிது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

அபிராமபுரத்தில் ஸ்ரீரங்கனின் வீடு ஒரு பழைய தரைத்தளப் போர்ஷன். கூடம் முழுக்க விழா மலர் கட்டுகள். ஆயிரம் பிரதி. ஒவ்வொன்றின் அட்டையிலும் ராவ் பகதூர் தலைப்பாகையோடு எதிராளியை முறைத்தார். ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் முறைத்தால் சுயம்புலிங்கத்துக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மூலையில் உறை போட்ட பழைய டைப்ரைட்டர்.

ஸ்ரீரங்கன் கொல்லைப்புறத்தில், கையில் பஞ்சபாத்திரத்தோடு மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தார். "வாங்கோ. ஒரு அஞ்சு நிமிஷம். சந்தி பண்ணிண்டு வந்துடறேன்" என்றார்.

மாமர இடுக்கில் சூரியன் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு பத்து சார். அம்பது வருஷத்துக்கு முன்னால, இதே வாரம், இதே சூரியன், உங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரத்துல ஏழு பத்துக்கு மறைஞ்சுது. இல்லையா?"

ஸ்ரீரங்கனின் உள்ளங்கையில் அர்க்கியத்துக்கு எடுத்த தண்ணீர் இருந்தது. அவர் மந்திரம் சொல்லவில்லை. விரல்கள் தானாக விரிந்தன. தண்ணீர் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தது.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்டப் போனேன்" என்றார் கடைசியில். "ரெண்டு பேரும் ஜெராக்ஸைப் பிரிக்கவே இல்லை. அந்தப் பொண்ணுதான் எழுதினான்னு மூணாம் நாளே ரிப்போர்ட் குடுத்தா. நீங்க மூணாவது."

ஊரிலேயே கெட்டிக்காரர் என்பதால் தன்னைத் தேடி வந்ததாக ஒரு வாரமாக நினைத்திருந்த சுயம்புலிங்கம், அந்த நினைப்பையும், காலையில் அடித்து டீக்கடையில் கிழித்த ரிப்போர்ட்டையும் ஒருசேர விழுங்கிக்கொண்டார். எனக்கும் என் உதவியாளர்தான் கண்ணைத் திறந்தார் என்று நேர்மையாகச் சொன்னார்.

ஸ்ரீரங்கன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். ஐம்பது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தவர் போலத் தடுக்காமல் சொன்னார். அணை வெடித்த அன்றைக்கு ராவ் பகதூரின் வீட்டுச் சாமான்கள் கூட்ஸ் வண்டியில் ஏறிவிட்டன. ஊஞ்சல் பலகை உட்பட. கடலில் ஜப்பான் கப்பல் தெரிகிறது என்று யாரோ சொன்னதும், சரிபார்க்காமல், வெடித்துவிடச் சொல்லி அணை ஓவர்சீயருக்கு டிரங்க் கால் போடச் சொன்னார். கால் போட்டுக் கொடுத்தது இருபத்திரண்டு வயது டைப்பிஸ்ட் ஸ்ரீரங்கன். கடலில் கப்பலும் இல்லை, வேறெதுவும் இல்லை. விடிந்ததும் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. பெரியவர்களுக்கு ஒரு சின்ன மனுஷன் தேவைப்பட்டான்.

"மாசிலாமணி ஏப்ரல்ல குடுத்த நிஜ வாக்குமூலம் ஒண்ணு இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டது. செப்டம்பர்ல மேலேருந்து ஃபைல் கேட்டா. ராவ் பகதூர் என்னைக் கூப்பிட்டு, புதுசா அடின்னார். செத்தவன் வந்து மறுக்க மாட்டான்னார். நேரம் போடாத காகிதத்தை அவர் தொட மாட்டார். எத்தனை மணிக்குன்னு கேட்டார். சாயந்தரம்னேன். சாயந்தரம்னா எத்தனை மணிடா கழுதைன்னார். ஜன்னல் வழியாப் பார்த்தேன். சூரியன் விழுந்துண்டிருந்தது. ஐயோ, சந்திக்கு நேரமாச்சேன்னு கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து. அதையே அடிச்சுட்டேன்."

"ரேகை?"

அவர் தன் இடது கைப் பெருவிரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "பழைய காகிதத்தையும் நான்தான் அடுப்புல போட்டேன். நாலு மாசம் கழிச்சுத்தான் அந்த ஏழு பத்து உறைச்சுது. பயந்து செத்தேன். அப்புறம் யாராவது கண்டுபிடிக்க மாட்டாளான்னு காத்திண்டிருந்தேன். எத்தனையோ அதிகாரிகள் அதைப் படிச்சா. கையெழுத்துப் போட்டா. ஒருத்தர் கண்ணிலயும் படலை. இப்போ கல்லுல வேற செதுக்கறான். எனக்குத் தைரியம் இருந்தா மொட்டைக் கடுதாசி எதுக்கு எழுதறேன்?"

"ஒப்பந்தத்துல போட்ட மாதிரியே அதுலயும் மணி போட்டுட்டீங்களே சார். பேரை மறைச்சு நேரத்தை எழுதற ஆள் இந்தப் பட்டணத்துல நீங்க ஒருத்தர்தான் இருக்கணும்."

கூடத்தில் யாரோ நிற்பது தெரிந்து இருவரும் திரும்பினார்கள். இனாயத் மலர்க் கட்டுகளுக்கு நடுவே ஒதுங்கி நின்றிருந்தார். கொல்லை வாசற்படியில் தங்கபுஷ்பம். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டிருந்தார்.

ஸ்ரீரங்கன் எழுந்து கைகூப்பினார். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை.

"எரிச்ச காகிதத்துல எங்கப்பா என்ன சொல்லியிருந்தார்?"

"ஓவர்சீயர் வெடிக்கப் போறான்னு தெரிஞ்சதும் அபாய மணி அடிக்கணும்னு கெஞ்சியிருக்கார். ஜப்பான்காரனுக்குக் கேட்டுடும்னு அடிக்க விடலை. அதனால ஊரைப் பார்த்து ஓடியிருக்கார். பாதி வழியில அணை போயிடுத்து. வேலை இடத்தை விட்டு ஓடினார்னுதான் முதல்ல பிடிச்சா." அவர் நிறுத்தினார். "வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு. நான் அடிச்ச காகிதம்தானே."

"ஓடினாரா?"

"ஓடினார்மா."

தங்கபுஷ்பம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வயதில் தான் சொன்னதை அவர் யாரிடமும் திரும்பச் சொல்லவில்லை. சுயம்புலிங்கம் மரத்தைப் பார்த்தார். மஃரிப் நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்பது இனாயத்துக்குத் தெரியும். அவர் அட்டையை எடுக்கவில்லை.

பிறகு தங்கபுஷ்பம் உள்ளே போய் டைப்ரைட்டரின் உறையைத் தானே கழற்றினார். "அடிங்க" என்றார். "நாளைக்கு வரவேற்புரை நீங்கதானே. கல்லைத் திறக்கறதுக்கு முன்னால மைக்குல இதைப் படிக்கணும். நான் முன் வரிசையில இருப்பேன்."

குருபிரசாத் என்னவெல்லாம் சொல்வார் என்று ஸ்ரீரங்கன் ஆரம்பித்தார். சொல்லட்டும், அவருக்குத்தான் மூணு போன் இருக்கே என்றார் இனாயத்.  ஸ்ரீரங்கன் காகிதத்தைச் சொருகினார். மேல் மூலையில் விரல்கள் தாமாகவே மாலை 6.42 என்று அடித்தன. அவர் நின்று, அழிக்கட்டுமா என்பது போல நிமிர்ந்து பார்த்தார். இருக்கட்டும் என்று சுயம்புலிங்கம் தலையசைத்தார். இந்தத் தடவை அது சரியான நேரம்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்று பேர் இறந்தார்கள் என்ற இடத்துக்கு வந்தபோது, தோளுக்கு மேலிருந்து படித்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் நிறுத்தச் சொன்னார்.

"நம்பர் போடாதீங்க. பேரைப் போடுங்க. அத்தை தினமும் ஜெபத்துல சொல்வாங்க. எனக்கு மனப்பாடம்."

முதலில் அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு தம்பியின் பெயர். அதற்குப் பிறகு வீடு வீடாக, அந்தத் தெருவில் நடந்து போகிற மாதிரி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போனார். ஸ்ரீரங்கன் ஒவ்வொன்றுக்கும் எழுத்து கேட்டு அடித்தார். ஒரு பெயரில் விரல் இடறியது. காகிதத்தை உருவி, புதிதாகச் சொருகி, முதலிலிருந்து அடித்தார். இனாயத் விளக்கைப் போட்டார்.

நாற்பத்து மூன்று முடிந்ததும் ஸ்ரீரங்கன் புள்ளி வைக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் தங்கபுஷ்பம். "மாசிலாமணி."

அடித்தார். காகிதத்தை உருவி மேஜையில் வைத்தார். பேனாவை எடுத்து, திரும்ப வைத்துவிட்டார். எழுத முடியுமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து, விழாக் குழு ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருந்த மைப்பெட்டியை எடுத்தார். இடது பெருவிரலை அதை நோக்கிக் கொண்டுபோனார்.

தங்கபுஷ்பம் மைப்பெட்டியை மூடி அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார். "எங்கப்பா மாதிரி உங்களுக்கும் எழுதத் தெரியுமே."